பன்னிரண்டு கட்டங்கள்

லாபிஸ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஆ லெக் கடையில் எனக்குக் கிடைத்தது நான்காவது கணினி.
அதில் 'எம்' எழுத்தை மட்டும் ஓங்கிக் குத்த வேண்டும்.
தமயந்தி, தகப்பன் முத்துமாணிக்கம்:
நான்கு இடத்தில் வருகிறது அது.
பக்கத்தில் துப்பாக்கி விளையாடும் பையன்
ஒவ்வொரு குத்துக்கும் திரும்பிப் பார்க்கிறான்.

பன்னிரண்டு தேர்வு கேட்கிறது பாரம்.
ஹேமாஷினி பன்னிரண்டையும் நிரப்பி
போன வாரமே அனுப்பிவிட்டாள்.
எல்லாம் வெள்ளிக்கிழமை பஸ் ஏறினால்
ராத்திரிச் சோற்றுக்கு வீடு வந்துவிடுகிற தூரம்.
நான் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு
பதினொரு வெள்ளைக் கட்டங்களைப்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் கட்டம்: கடல் அறிவியல், சபா.

கடலை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.
ஒருமுறை மெர்சிங்கில், பள்ளிச் சுற்றுலா, மழை.
இன்னொருமுறை அத்தையின் சாம்பலோடு.
இரண்டு முறையும் யாரோ
'கிட்டப் போகாதே' என்றார்கள்.

மாநிலங்களின் பட்டியலில்
ஜொகூர் முதல் வரி, சபா பத்தாவது.
விரல் ஒன்பது முறை உருட்டினால் போதும்.
நடுவில் தண்ணீர் இருப்பது
பட்டியலில் தெரியவில்லை.

நாலரை மணிக்கு அப்பா வந்தார்.
சட்டைக் காலரில் செம்பனைப் பூத்தூள்,
கையில் சம்பளச் சீட்டு, நான்காக மடித்து.
ஆ லெக் இன்னொரு நாற்காலி தள்ளினான்.
அப்பா உட்காரவில்லை,
கால்சட்டை அழுக்கு என்றார்.

குடும்ப வருமானம் என்ற இடத்தில்
'ரெண்டாயிரம் போடு' என்றார்.
சீட்டில் ஆயிரத்து எழுநூற்றுப் பதினைந்து.
'அது மழை மாசம்.
நல்ல மாசத்துல ரெண்டாயிரம் தொட்டுருக்கேன்,
தொடலையா?'
தொட்டிருக்கிறார். ஒருமுறை.
அன்றைக்குக் கோழி வாங்கி வந்தார்,
தம்பிக்குக் காலணி.
'குறைச்சுப் போட்டா
பிச்சைக்கு வந்தோம்னு நினைப்பானுங்க.'
'குறைவா இருந்தாத்தான்பா உதவிப் பணம்.'

விசிறி மூன்று சுற்று சுற்றியது.
அவர் சாலையில் போகும் லாரியைப் பார்த்தார்.
நான் ஆயிரத்து எழுநூற்றுப் பதினைந்தை
ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன்,
மெதுவாக,
சத்தம் கேட்காதபடி.
சத்தம் போடுகிற விசை 'எம்' மட்டும்தான் என்றாலும்.

மீதிப் பதினொன்றில் ஏழை நிரப்பினேன்.
திரெங்கானு, பினாங்கு, மறுபடியும் சபா.
ஜொகூர் ஒன்று, அம்மாவுக்காக, எட்டாவதாக.
கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை அவளுக்கு.
காலையில் தூங்கப் போகும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்:
'அங்க நம்ம ஆளுங்க இருக்காங்களா?'
தெரியாது என்றேன்.
'கேட்டு வை' என்று போர்வையை இழுத்துக்கொண்டாள்.
யாரைக் கேட்பது?

அனுப்பு என்ற பொத்தானை அழுத்தியதும்
திரை வெளுத்தது, ஒரு வட்டம் சுற்றியது,
எங்கோ இடி.
மின்சாரம் போய்விடும் என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
போகவில்லை.
கிடைத்தது என்று ஒரு தாள் வந்தது,
இடம் அல்ல, விண்ணப்பம்.

கறுப்பில் அச்சடித்தால் முப்பது காசு,
வண்ணத்தில் ஒரு வெள்ளி.
'கலர்' என்றார் அப்பா, நான் வாய் திறக்குமுன்.
மேலே இருந்த நீலச் சின்னத்தை
ஈரம் காயட்டும் என்று ஊதினார்.
ரொட்டிப் பையில் சுற்றி
மோட்டார் இருக்கைக்கு அடியில் வைத்தார்,
ஸ்பேனருக்கும் மழைச்சட்டைக்கும் நடுவில்.

தோட்ட வாசலில் தடுப்புக் கட்டையோடு
நேப்பாளத்துக் காவல்காரர்.
தினமும் தலையாட்டலோடு சரி.
இன்று அப்பா வண்டியை நிறுத்தி,
தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தூக்கி,
மலாயில் சொன்னார்:
என் மகள், பல்கலைக்கழகம், சபா, போ.

மலாயில் வினைக்குக் காலம் கிடையாது.
போவாள், போகிறாள், போய்விட்டாள்,
எல்லாம் அந்த ஒரே சொல்.
திருத்த எனக்கு இடமே இல்லை.
'தூரமா?' என்று கேட்டார்
காட்மண்டுவுக்கும் அப்பாலிருந்து வந்தவர்.
அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.
கட்டை பாதி உயர்ந்து நின்றது.